பாட்டு வெளியாக 7 நாள் முன்பே இதை அனுப்புங்கள்
சொந்தமாகப் பாட்டு வெளியிடுகிறவர்கள், வெளியீட்டுத் தேதிக்கு 7 நாள் முன்பாவது ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸில் (பாடுகிறவர்களுக்கான ஸ்பாட்டிஃபை தளம்) 'பிட்ச்' படிவத்தை, அதாவது பிளேலிஸ்ட்டில் சேர்க்கச் சொல்லிப் பாட்டை அறிமுகப்படுத்தும் படிவத்தை, அனுப்பிவிடுங்கள். காசு கிடையாது.

அனுப்பினால், உங்களை ஃபாலோ செய்கிறவர்களின் ரிலீஸ் ரேடாரில் (ஒவ்வொருவருக்கும் வாராவாரம் வரும் புதுப் பாட்டுப் பட்டியல்) அந்தப் பாட்டு வந்துவிடும். நாகர்கோவில்காரர் ஒருவரின் பாட்டை முதலில் கேட்கப்போவது ஊர் நண்பர்களும் வளைகுடாவில் இருக்கும் குளச்சல், தக்கலை ஆட்களும்தான். அவர்களிடம் வாட்ஸ்அப்பில் லிங்க் மட்டும் அனுப்பாமல், ஃபாலோவை அழுத்தச் சொல்லுங்கள். படிவத்தில் 'நல்ல மெலடி' என்றெல்லாம் எழுதிப் பயனில்லை. 'ஒற்றைக் கிட்டார், குமரித் தமிழ் வரிகள், பின்னணியில் முட்டம் அலைச்சத்தம்' என்று எழுதுங்கள்.

நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை நடக்கும் கோட்டாறு சவேரியார் திருவிழா சமயத்தில் வெளியிடுவதென்றால், அக்டோபர் கடைசியிலேயே பாட்டை ஏற்றிவிடுவது நல்லது.

ஏற்கெனவே வெளியான பாட்டுக்கு இது செல்லாது. ஆல்பம் என்றாலும் ஒரு பாட்டைத்தான் அனுப்ப முடியும்.