கோடையில் கண்மாய்ப் பறவைகள் பார்ப்பது எப்படி? மதுரைப் புதுமுகங்களுக்கு ஒரு செய்முறை

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மதுரையில் வீட்டுக்கு வீடு ஒரே புலம்பல்தான். கொடைக்கானல் போகலாம் என்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும், ரூம் வாடகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. மாலுக்குப் போனால் பர்ஸ் காலி. வீட்டிலேயே இருந்தால் பிள்ளைகள் கையிலிருந்து போனைப் பிடுங்க முடியவில்லை. இத்தனைக்கும் ஊரைச் சுற்றி வண்டியூர், மாடக்குளம், தென்கால், நிலையூர், சாமநத்தம் என்று கண்மாயாகக் கிடக்கிறது. விடியற்காலையில் போய் ஒன்பது மணிக்கு வீடு திரும்பிவிடலாம். பெட்ரோல் தவிர வேறு செலவில்லை.

"கோடையில் கண்மாயில் என்ன இருக்கும், தண்ணியே வத்திப்போயிருக்குமே?" என்று கேட்பீர்கள். பறவை பார்க்கப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கோடைதான் சரியான காலம் என்பது என் கட்சி. மழைக்காலத்தில் கண்மாய் நிரம்பிக் கிடக்கும்போது பறவைகள் எட்டாத தூரத்தில் சிதறியிருக்கும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் சுருங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும், மீனெல்லாம் அங்கே அடையும், அதைத் தேடிக் கொக்கும் நாரையும் ஒரே இடத்தில் கூடும். இன்னொரு லாபமும் உண்டு. பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வரும் விதவிதமான உள்ளான்களும் வாத்துகளும் ஏப்ரல் முடிவதற்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும். அனுபவசாலிகளையே அடித்துக்கொள்ள வைக்கும் கூட்டம் அது. மிச்சம் இருப்பது உள்ளூர்ப் பறவைகள். அவையும் இனப்பெருக்க நிறத்தில் பளிச்சென்று இருக்கும்.

படி 1: எந்தக் கண்மாய்?

வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதுதான். முதல் நாளே தூரமாகப் போனால் இரண்டாவது நாள் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். கே.கே.நகர், அண்ணா நகர், மாட்டுத்தாவணிப் பக்கம் இருப்பவர்களுக்கு வண்டியூர் கண்மாய். பழங்காநத்தம், பைபாஸ் பக்கம் என்றால் மாடக்குளம். திருப்பரங்குன்றத்துக்காரர்களுக்குத் தென்கால். பறவை பார்ப்பவர்கள் மத்தியில் பெயர் வாங்கியது நகருக்குத் தென்கிழக்கே இருக்கும் சாமநத்தம் கண்மாய். ஓரளவு பழகியபின் அங்கே போனால் ருசி தெரியும்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும் அதற்கு மறுநாளும் வண்டியூர்ப் பக்கம் திட்டமே போடாதீர்கள். அன்று இரவு அழகர் வண்டியூர்ப் பெருமாள் கோயிலில், மறுநாள் தேனூர் மண்டபம். அந்தக் கூட்டத்தில் கழுத்தில் பைனாகுலரோடு மாட்டிக்கொண்டால் கொக்கைப் பார்க்க முடியாது, அழகரை வேண்டுமானால் நன்றாகச் சேவிக்கலாம்.

படி 2: நேரம், வெயில், செருப்பு

மே மாதம் மதுரையில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் வந்துவிடும். நீங்கள் அதற்குமுன் கரையில் இருக்க வேண்டும். எட்டரைக்கு மேல் வெயில் ஏறி, தண்ணீருக்கு மேலே காற்று அலையடிக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் கலங்கலாகத்தான் தெரியும். சாயங்காலம் நாலரைக்கு மேல் மறுபடி போகலாம்.

எங்கே நிற்பது என்பதும் முக்கியம். காலையில் கண்மாயின் கிழக்கு ஓரத்தில் நின்று மேற்கே பாருங்கள், சாயங்காலம் மேற்கு ஓரத்தில் நின்று கிழக்கே பாருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாப் பறவையும் நீர்க்காகம்தான்.

செருப்பு வேண்டாம். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து மேலே வரும். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்கள். தொப்பி, தண்ணீர், உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில், அவ்வளவு போதும். திரும்பும்போது வழியில் நுங்கு வாங்கித் தருவதாகச் சொன்னால் பிள்ளைகள் தாமாகவே எழுந்துவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். கரையைவிட்டு இறங்காதீர்கள். வற்றிய கண்மாயில் மேலே காய்ந்து வெடித்த மண் தெரியும், அடியில் முழங்கால் புதையும் சேறு இருக்கும். மண் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கிக் கிடந்தால் ஆழம் வெளியே தெரியாது. எவ்வளவு நன்றாக நீந்தும் பிள்ளையாக இருந்தாலும் அதில் இறங்க விடக்கூடாது.

படி 3: பைனாகுலர் வாங்குவது

8×42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 10×50 இன்னும் பெரிதாகக் காட்டுமே என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், பார்வைப் பரப்பும் குறையும். புதிதாகப் பார்ப்பவருக்குப் பறவையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு, அதற்கு அகலமான பரப்பு வேண்டும். 42-ஐ 8-ஆல் வகுத்தால் வரும் ஐந்தேகால் மில்லிமீட்டர்தான் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம். விடியற்கால மங்கலுக்கு அது தாராளம். திருவிழாக் கடையில் "ஐம்பது மடங்கு, இரவிலும் தெரியும்" என்று விற்கும் சாமானை வாங்கினால் பிள்ளைகள் விளையாடலாம், பறவை பார்க்க முடியாது.

பைனாகுலர் இல்லாமலும் தொடங்கலாம். அலகுக்கடியில் பை தொங்கும் பெரிய பறவையான கூழைக்கடாவைப் பார்க்க வெறும் கண்ணே போதும்.

படி 4: பைனாகுலரைக் கண்ணுக்குப் பொருத்துவது

பைனாகுலர் வாங்கியவர்கள் அதைப் பரணில் போட்டுவிடுவதற்குக் காரணம் இந்தப் படிதான். என்னையும் வெகுநாள் திண்டாட வைத்தது இதுவே. எவ்வளவு திருகினாலும் படம் முழுசாகத் தெளியாது, கொஞ்ச நேரத்தில் தலைவலி வரும், பொருள் மட்டம் என்று முடிவு கட்டிவிடுவோம். பெரும்பாலும் பொருளில் குறை இருக்காது. நம் இரண்டு கண்ணுக்கும் பார்வை ஒன்றுபோல் இல்லை, அந்த வித்தியாசத்தைச் சரிசெய்யத்தான் வலது கண்பக்கக் குழலில் ஒரு தனி வளையம் வைத்திருக்கிறார்கள். டையாப்டர் என்று பெயர். பெட்டிக்குள் வரும் தாளில் பொடி எழுத்தில் போட்டிருப்பதால் யாரும் படிப்பதில்லை.

கண்மாய்க்குப் போவதற்கு முதல் நாளே மொட்டை மாடியில் வைத்து இதைச் செய்துவிடுங்கள். முதலில் நடுவிலுள்ள கீலை மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் சேர்ந்து ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். பிறகு தூரத்தில் எழுத்துள்ள ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள். தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் கம்பெனிப் பெயர் நல்ல தோது. (எதிர் வீட்டு ஜன்னல் பக்கம் திருப்பிவிடாதீர்கள், பஞ்சாயத்து ஆகிவிடும்.) இப்போது வலது முன் லென்ஸை உள்ளங்கையால் மூடுங்கள். வலது கண்ணை மூட வேண்டாம், இரண்டும் திறந்தே இருக்கட்டும். ஒரு கண்ணை இடுக்கினால் மறு கண்ணும் சுருங்கி அளவு தப்பும். நடுச் சக்கரத்தைத் திருகி, இடது கண்ணுக்கு எழுத்து கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

அடுத்து இடது லென்ஸை மூடுங்கள். இனி நடுச் சக்கரத்தைத் தொடவே கூடாது. வலது கண்பக்க வளையத்தை மட்டும் மெதுவாகத் திருகி, அதே எழுத்தைக் கூர்மையாக்குங்கள். கையை எடுத்துவிட்டு இரண்டு கண்ணாலும் பாருங்கள், எழுத்து அப்படியே துலக்கமாக எழுந்து நிற்கும். வளையத்தில் உள்ள கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்து, ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துவிடுங்கள். பிறகு எவ்வளவு தூரத்தில் பறவை இருந்தாலும் நடுச் சக்கரம் மட்டும் போதும். வீட்டில் இன்னொருவர் வாங்கிப் பார்த்தால் அவர் கண்ணுக்கு வளையம் வேறு இடத்தில் நிற்கும். அவருக்கு வேறு நிறப் பொட்டு.

சில மாடல்களில் வளையம் இடது பக்கம் இருக்கும். அப்படியானால் வலது, இடது என்று நான் சொன்னதை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

பறவையைப் பிடிப்பதற்கும் ஒரு வழி உண்டு. பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். வெறும் கண்ணால் பறவையைப் பார்த்து, பார்வையை அங்கிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். தென்னை மர உச்சியை வைத்துக் கொஞ்ச நேரம் பழகினால் கை தானாகப் படிந்துவிடும். பைனாகுலரைச் சூரியன் பக்கம் மட்டும் திருப்பக் கூடாது, பார்வையே போய்விடும். பிள்ளைகளிடம் கொடுக்கும்முன் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

படி 5: முதலில் எதைப் பார்ப்பது?

எளிதானவற்றிலிருந்து தொடங்குங்கள். நெற்றியில் வெள்ளை நாமம் போட்டுக்கொண்டு கறுப்பாக நீந்தினால் நாமக்கோழி. குட்டியாக மிதந்து திடீரென்று முங்கி வேறொரு இடத்தில் எழுந்தால் முக்குளிப்பான். பட்ட கிளையில் இறக்கையை விரித்துக் காயப்போட்டபடி நின்றால் நீர்க்காகம். அதுவே உடல் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்க, கழுத்து மட்டும் பாம்பு போல மேலே தெரிந்தால் பாம்புத்தாரா. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரிந்தால் நத்தைகுத்தி நாரை. திறந்த அலகைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டே நடந்தால் மஞ்சள்மூக்கு நாரை.

எல்லோரும் குழம்புவது வெள்ளைக் கொக்கில். "கொக்கு" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகராதீர்கள். மாட்டோடு திரிகிறதா, தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமா? அது உண்ணிக்கொக்கு. கோடையில்தான் அந்த நிறம், மற்ற மாதங்களில் முழு வெள்ளை. சின்ன வெள்ளைக் கொக்குக்குக் கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம். பாதம் எப்போதும் தண்ணீருக்குள் இருக்குமே, எப்படித் தெரியும்? கொஞ்சம் பொறுங்கள். அது ஒரு காலை முன்னால் நீட்டிச் சேற்றுக்குள் விட்டு நடுங்க வைக்கும். அடி கலங்கிப் பொடிமீன் வெளியே வந்ததும் ஒரே வெட்டு. காலை எடுத்து அடுத்த அடி வைக்கும்போது மஞ்சள் பளிச்சென்று தெரியும்.

பெரிய வெள்ளைக் கொக்குக்கு மஞ்சள் அலகு என்று புத்தகத்தில் படித்துவிட்டுப் போனால் கோடையில் ஏமாந்துபோவீர்கள், இனப்பெருக்கக் காலத்தில் அதன் அலகும் கறுத்துவிடும். உயரத்தையும் கால் விரலையும் பாருங்கள். விரல் கறுப்பு, கழுத்தில் நன்றாக ஒரு மடிப்பு, வாய்க் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு நடுத்தரக் கொக்கும் இருக்கிறது. முதல் நாளில் அதை விட்டுவிடுங்கள்.

மடையான் என்கிற குருட்டுக் கொக்கு உங்கள் காலடியிலேயே இருக்கும், தெரியாது. சேற்று நிறம். எழும்பினால்தான் வெள்ளைச் சிறகு. இந்த மாதங்களில் அதன் முதுகு மெரூன் பட்டுப்புடவை நிறத்துக்கு மாறியிருக்கும்.

கரையோர வறண்ட மேட்டில் நடக்கும்போது ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால், அப்படியே நின்று தரையைப் பாருங்கள். கூழாங்கல் நிறத்தில் முட்டைகள் வெறும் மண்ணிலேயே கிடக்கும், மிதித்துவிடுவோம். வந்த வழியே திரும்பிவிடுங்கள், போட்டோ எடுக்கிறேன் என்று நிற்காதீர்கள். தாய் எழுந்து போனால் வெயிலில் முட்டை வெந்துவிடும்.

படி 6: எழுதி வைப்பது

பாக்கெட் நோட்டும் பென்சிலும் முதலில், செயலி அப்புறம். பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி நல்லதுதான். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் கூடம் இலவசமாகத் தருகிறது. இடம், தேதி, அளவு, நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டுவிட்டுப் பட்டியல் காட்டும். இந்தியப் பறவைகளுக்கான தொகுப்பை வீட்டு வைஃபையில் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பறவையைப் பார்த்தவுடன் போனை எடுத்தால் கண் பறவையிடமிருந்து போய்விடும். முதலில் அலகு, கால், நடத்தை மூன்றையும் எழுதுங்கள், கரையில் உட்கார்ந்து பிறகு தேடுங்கள். செயலியில் பறவைக் குரலை ஓடவிட்டு வரவழைக்கும் வேலை கூடவே கூடாது, கூடு கட்டும் காலம் இது.

பட்டியலைப் பறவைப் பதிவுகள் சேர்க்கும் இ-பேர்ட் தளத்தில் ஏற்றலாம், அதுவும் அதே கூடம் நடத்துவதுதான். தெரிந்த பறவை எல்லாவற்றையும் எழுதியிருந்தால் மட்டும் முழுப் பட்டியல் என்று குறியுங்கள். காக்கையையும் மைனாவையும் விட்டுவிடாதீர்கள். மே மாத இரண்டாவது சனிக்கிழமை உலகம் முழுக்க ஒரே நாளில் பறவை எண்ணுவார்கள், உங்கள் கண்மாயும் அதில் சேரட்டும்.

கேட்டவர்களுக்காகச் சேர்த்தது

கண்ணாடி போட்டவர்களுக்கு வட்டம் சின்னதாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தார்கள். கண்பக்க ரப்பரைக் கீழே மடக்கியோ திருகியோ இறக்கிவிடுங்கள், கண்ணாடியைக் கழற்ற வேண்டாம்.

ஆட்டோவில் "வண்டியூர்" என்று மட்டும் சொல்லித் தெப்பக்குளத்தில் போய் இறங்கியதாக ஒருவர். மாரியம்மன் தெப்பக்குளம் வேறு, வண்டியூர் ஊர் வேறு, கண்மாய் வேறு. கே.கே.நகர் லேக் வியூ ரோடு என்று சொல்லுங்கள், சரியாகக் கொண்டுவந்து விடுவார்.

ஒரு கிராமத்துக் கண்மாயில் காவலுக்கு நின்றவர் விரட்டிவிட்டாராம். மீன்பாசிக் குத்தகை எடுத்த கண்மாயாக இருக்கும். பை, வலை எதுவும் இல்லை என்று காட்டி, "அண்ணே, பறவை பாக்க வந்தோம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பிரச்சினையே இல்லை. எந்த மூலையில் நாரை இறங்கும் என்று அவரே காட்டுவார். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் போகிறவர்கள் ஊரில் மீன்பிடித் திருவிழா எப்போது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே ஊத்தா என்கிற மீன்பிடிக் கூடையும் வலையுமாக இறங்கும். அன்றைக்குப் பறவை கிடைக்காது. மறுநாள் காலை போங்கள், கலங்கிய சேற்றில் தப்பிய மீனுக்காகக் கொக்கும் செம்பருந்தும் கூட்டமாக இறங்கியிருக்கும்.