ஜப்பானிய மொழித் தேர்வில் எந்த நிலை உங்களுக்கு வேண்டும்?

பினாங்கில் ஜப்பானிய மொழி கற்க முன்வரும் நம் பிள்ளைகள் பலர் எந்த வகுப்பில் சேரலாம் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். எதற்காகக் கற்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால், எந்த நிலைவரை போக வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

1984-இல் தொடங்கிய ஜே.எல்.பி.டி. எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில், 2010 முதல் ஐந்து நிலைகள் உள்ளன. என்-5 மிக எளிது, என்-1 மிகக் கடினம். அன்றாட வாழ்க்கையில் மெதுவாகப் பேசினால் புரிந்துகொள்ள என்-4 உதவும். குறித்த சில துறைகளுக்கான தொழில்திறன் விசாவுக்கும் அதே நிலை ஏற்கப்படுகிறது, ஆனால் தொழில்திறன் தேர்விலும் தேற வேண்டும். அலுவலக வேலைக்கு என்-2 இல்லாமல் சமாளிப்பது கடினம் என்பதே என் கருத்து. உயர்திறன் பணியாளர் விசாவுக்குத் தேவையான 70 புள்ளிகளில், என்-2 நிலைக்கு 10, என்-1 நிலைக்கு 15 கிடைக்கும். ஜப்பானில் ஜப்பானிய மொழிவழி இளங்கலை படிக்க விரும்புவோர், ஜூனிலும் நவம்பரிலும் வெளிநாட்டு மாணவர்களுக்காக நடக்கும் இ.ஜே.யு. தேர்வையும் தங்கள் பல்கலைக்கழகம் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் பேசும் நமக்கு இலக்கணத்தில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. 'வாதாஷி வா காக்கோ நி இகிமாஸ்' என்பதும் 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்பதும் ஒரே வரிசையில் அமைந்தவை. 'நி' நம் 'கு' உருபின் வேலையைச் செய்கிறது, வினைச்சொல் கடைசியில் வருகிறது. ஆகவே மிச்சமாகும் நேரத்தை கான்ஜி எனப்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகளுக்கே கொடுங்கள். பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டுமே 2136 கான்ஜிகள் உள்ளன. சீனப்பள்ளியில் படித்த வகுப்புத் தோழர்கள் பொருளைச் சட்டென்று பிடித்துவிடுவதைக் கண்டு மனம் தளர வேண்டாம், ஜப்பானிய உச்சரிப்புகளை அவர்களும் புதிதாகத்தான் கற்க வேண்டியிருக்கிறது. நாள்தோறும் ஐந்து எழுத்துகளை, தனித்தனியாக அல்லாமல் சொற்களாக, கையால் எழுதிப் பழகுங்கள்.

என்-2 தேர்ச்சிக்கு 180-இல் 90 மதிப்பெண் போதும் என்றாலும், மொழியறிவு, வாசிப்பு, கேட்டல் ஆகிய ஒவ்வொன்றிலும் 60-க்கு 19 பெறாவிட்டால் மொத்தம் எவ்வளவு உயர்ந்தாலும் தேர்ச்சி கிடையாது. கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஒலிக்கும் என்பதால், அந்தப் பயிற்சியைக் கடைசி மாதத்திற்குத் தள்ளிவைக்காதீர்கள். பேச்சுத் தேர்வு இதில் இல்லை. பாயான் லெப்பாஸில் உள்ள ஜப்பானிய நிறுவனத்தில் நேர்முகத்திற்குப் போகிறவர் பேசும் பழக்கத்தைத் தனியாக வளர்த்துக்கொள்ள வேண்டும்.

தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. பதிவு பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடுவதால், உங்கள் மையத்தின் தேதியை உறுதிசெய்துகொண்ட பிறகே படிப்பு அட்டவணையை வகுத்துக்கொள்ளுங்கள்.