மீத்திறன் குழந்தைகளுக்கான சிறு பள்ளி: கால அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்

மீத்திறன் குழந்தைகள், அதாவது வயதை மிஞ்சிய அறிவாற்றல் உள்ளவர்கள், ஆறு வயது முதல் பன்னிரண்டு வரை மொத்தம் 25 பேர், நான்கு ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் பன்னிரண்டு வயதுக்காரருக்கு ஈடுகொடுக்கும் எட்டு வயதுக் குழந்தை, பென்சில் பிடிப்பதில் ஆறு வயதுக் குழந்தையைப் போல இருக்கலாம். வயதைப் பார்த்து வகுப்பு பிரித்தால் இந்தக் குழந்தைக்கு எதுவுமே பொருந்தாது. பாடத்துக்குப் பாடம் வேறு குழுவில் உட்கார வைக்கலாம் என்பதுதான் சிறு பள்ளிக்கு இருக்கும் பெரிய பலம்.

அதனால் முதலில் அட்டவணை. பள்ளி முழுவதற்கும் கணக்கு ஒரே பாடவேளையில் வரட்டும், நாள்தோறும் 50 நிமிடம். மொழிப்பாடமும் அப்படியே. ஒரு குழுவுக்குக் காலையிலும் மற்றொன்றுக்கு மதியமும் கணக்கு என்று வைத்தால், மேல் குழுவுக்குப் போகும் குழந்தை வேறொரு பாடத்தை இழக்கும். சில வாரங்களில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். எந்தக் குழுவிலும் மூன்று பேருக்குக் குறையாமல் பாருங்கள். தனியாக உட்காரும் குழந்தைக்கு வாதாட ஆள் இல்லை.

சேர்க்கையில் நுண்ணறிவுத் தேர்வின் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சராசரி 100, திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 15 என்ற அளவில் 130-ஐத் தாண்டுவோர் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேர். ஆனால் எந்த மதிப்பெண்ணிலும் சில புள்ளிகள் முன்பின் இருக்கும். 128-க்கும் 131-க்கும் நடுவே கோடு கிழிப்பது அநியாயம். மொத்தத்தைவிட உட்பிரிவுகளைப் பாருங்கள். சொல்லாற்றல் மிக உயர்ந்து, வேகம் மட்டும் தாழ்ந்திருந்தால் வாசிப்புக் குறைபாடோ எழுதுவதில் சிரமமோ ஒளிந்திருக்கலாம். இந்தக் குழந்தைகளைத்தான் பள்ளிகள் அதிகம் தவறவிடுகின்றன.

வகுப்புக்கேற்ற தேர்வில் எல்லோரும் 98, 99 எடுத்தால் யார் எங்கே நிற்கிறார் என்று தெரியாது. இரண்டு மூன்று வகுப்பு மேலான தாளைக் கொடுங்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜூலியன் ஸ்டான்லி 1972-இல் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கல்லூரி நுழைவுக்கான சாட் கணக்குத் தாளைக் கொடுத்தது இதற்காகத்தான்.

இனி அன்றாட வேலை. ஒவ்வோர் அலகையும் தொடங்கும் முன், அதன் இறுதித் தேர்வையே முன்தேர்வாக வையுங்கள்: 12 கேள்வி, 25 நிமிடம். பத்துக்கு மேல் சரியென்றால் அலகைத் தாண்டலாம். விட்டதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். விடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 2/3 + 1/4 என்றதும் 11/12 என்று எழுதும் குழந்தையிடம் படம் வரைந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு வட்டம் பெரிதாக, ஒன்று சிறிதாக வரைந்துவிட்டு விழித்தால், விதி தெரிகிறது, 12 எங்கிருந்து வந்தது என்பது தெரியவில்லை. அது இரண்டு நாள் வேலை, இரண்டு வாரம் அல்ல. மாறாக, தாளில் நான்கைத் தப்பாகப் போட்டவர் வாயால் காரணத்தைத் தெளிவாகச் சொன்னால் தாராளமாக மேலே அனுப்புங்கள், பின்தங்கியிருப்பது கைதான்.

மிச்சமான நேரத்தில் அதே மாதிரிக் கணக்கை இன்னும் இருபது கொடுக்காதீர்கள். சீக்கிரம் முடித்தால் தண்டனை என்று குழந்தை புரிந்துகொண்டு மெதுவாகப் போடத் தொடங்கும். மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் உதவியாளராகவும் ஆக்காதீர்கள். புத்தகத்தைக் கொடுத்து மூலையில் உட்கார வைப்பதும் தவறு. தாண்டிப் போன குழந்தைக்கும் நாளுக்குப் பத்து நிமிடமாவது ஆசிரியர் நேரடியாக வேண்டும்.

எல்லாம் எளிதாக வந்த பிள்ளை முதல் கடினமான கணக்கில் அழும், தாளைக் கிழிக்கும். பிடிவாதம் என்று திட்டாதீர்கள். திணறிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். ஒரே அமர்வில் முடியாத புதிர் ஒன்றை வாரந்தோறும் கொடுங்கள். தனி நோட்டில், தேதியிட்டு, அழிரப்பர் இல்லாமல். தோற்ற முயற்சிகள் பக்கத்தில் அப்படியே நிற்க வேண்டும். அடுத்த நாள் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறார்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கப் பதிவேடு போதும்: முன்தேர்வுத் தேதி, தாண்டிய அலகு, பாக்கி. அது இல்லாமல் வேறு பள்ளிக்குப் போனால், முடித்த இரண்டு வருடப் பாடத்தை அங்கே மறுபடியும் படிக்க வைப்பார்கள். உங்கள் மேல் குழுவையும் கடந்துவிட்ட குழந்தைக்கு யார் கணக்கு எடுப்பது என்பதையும் அந்த நாள் வருவதற்கு ஒரு வருடம் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.