மெகாபாஸ்கலை மட்டும் பார்த்து கேப் போடாதீர்கள்

கீழ்க் கடைவாயில் போட்ட ஜிர்கோனியா (மிகக் கடினமான வெள்ளைப் பீங்கான்) கேப் அப்படியே இருக்கிறது, துளி தேய்மானம் இல்லை. ஆனால் அதற்கு நேர் மேலே இருக்கிற சொந்தப் பல்லில் குழி விழுந்து, எனாமல் போய், அதற்கு அடியில் உள்ள டென்டின் மஞ்சளாகத் தெரிகிறது. இப்படி ஒரு வாயை நான் பார்த்தபோது பிரோப் என்கிற கூர்மையான பரிசோதனைக் கம்பியின் நுனியால் அந்தக் கேப்பை மெதுவாகத் தடவிப் பார்த்தேன். பக்கவாட்டில் கண்ணாடி போல வழுக்கியது, கடிபடும் இடத்தில் மட்டும் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இழுத்தது.

உடனே எல்லாரும் ஜிர்கோனியாவின் கடினத்தன்மையைத்தான் குறை சொல்வார்கள். கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவில் அது 1200ஐத் தொடும், எனாமல் 300 முதல் 400 வரைதான், அதனால் பல்லைத் தின்றுவிடும் என்பார்கள். இது தவறான முடிவு. எதிர்ப்பல்லைத் தேய்ப்பதில் கடினத்தைவிட மேற்பரப்பின் சொரசொரப்புக்குத்தான் பங்கு அதிகம். நன்றாகப் பாலிஷ் செய்த ஜிர்கோனியா எதிர்ப்பல்லிடம் பழைய போர்சிலினைவிட மென்மையாகவே நடந்துகொள்கிறது. கிளேஸ் என்பது மெல்லிய கண்ணாடிப் பூச்சு, மெல்ல மெல்ல அது உரிந்துபோகும், உரிந்ததும் அடியில் பர் (பல் சீவும் சுழல் முனை) போட்ட கீறல்கள் வெளியே வந்து எனாமலை அரம் போல ராவ ஆரம்பிக்கும். அதனால் முதலில் பாலிஷ், மேலே கிளேஸ் வேண்டுமானால் அப்புறம். நோயாளி நாற்காலியில் இருக்கும்போது "கொஞ்சம் உயரமா இருக்கு டாக்டர்" என்றதும் டயமண்ட் பர்ரால் இரண்டு இழு இழுத்துவிட்டு அப்படியே அனுப்புகிறோம் பாருங்கள், மேலே சொன்ன குழி விழுவது அங்கேதான். தண்ணீர் விட்டு, நுண்ணிய பர்ரால், அழுத்தாமல் சரிசெய்யுங்கள். பிறகு ஜிர்கோனியாவுக்கென்று இருக்கும் ரப்பர் பாலிஷர்களை முரடு, நடுத்தரம், நைசு என்று ஒன்றைக்கூட விடாமல் வரிசையாகப் போடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

சரி, வலிமைக்கு வருவோம். பெட்டியில் 1200 மெகாபாஸ்கல் (உடையும் முன் பொருள் தாங்கும் அழுத்தத்தின் அளவு) என்று போட்டிருப்பது வழவழப்பாகத் தேய்த்த சின்னத் துண்டை ஆய்வகத்தில் உடைத்துப் பார்த்த எண், உங்கள் கேப்பின் எண் அல்ல. அதோடு ஜிர்கோனியா என்பது ஒரே பொருளும் அல்ல. அதில் சேர்க்கும் இட்ரியா என்ற ஆக்சைடு 3 மோல் சதவீதம் உள்ளது வெள்ளையாக, ஒளி அதிகம் புகாமல் இருக்கும், 1000 மெகாபாஸ்கல் பக்கம் தாங்கும். 5 சதவீதம் உள்ளதில் ஒளி அழகாக ஊடுருவும், ஆனால் வலிமை ஏறக்குறைய பாதிதான். கேப்பைக் கடைந்தெடுக்கும் டிஸ்க் ஒன்றிலேயே இரண்டையும் அடுக்கி, ஒளி ஊடுருவும் வகை மேலே இருக்கும்படி விற்கிறார்கள், அதில்தான் பல் ஆய்வகத்தில் பெரிய தவறு நடக்கிறது: நிறம் நன்றாக வரவேண்டும் என்று பிரிட்ஜை (இணைந்த பல் வரிசையை) டிஸ்கில் மேலே ஏற்றி வைத்து மில் செய்தால், இரண்டு பல்லை இணைக்கும் கனெக்டர் வலுவில்லாத அடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். விரிசல் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தொடங்கும்.

எண் ஏமாற்றும் என்பதற்கு நல்ல உதாரணம் லாவா அல்டிமேட். கேப் கடைந்தெடுக்க 3எம் விற்ற, ரெசின் (பிளாஸ்டிக் பிசின்) கலந்த பிளாக், சுமார் 200 மெகாபாஸ்கல், சாதாரண ஃபெல்ட்ஸ்பார் பீங்கான் பிளாக்கைவிட அதிகம். ஆனாலும் 2015இல் 3எம் நிறுவனமே அதைக் கிரவுனுக்கு, அதாவது முழு கேப்புக்கு, பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. காரணம் உடைவது அல்ல, எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஒட்டு விட்டுக் கழன்று வந்தது. பொருள் வளைந்து கொடுத்தால் கடிக்கும் ஒவ்வொரு முறையும் சிமெண்ட் இழுபடும், மெகாபாஸ்கல் அதைச் சொல்லாது. இந்த வகை பிளாக்குகள் எதிர்ப்பல்லுக்கு இதமானவை, ஆனால் தாங்களே தேயும், பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களுக்குக் கடைவாயில் போடும் முன் யோசிக்க வேண்டும்.

கேப்புக்குப் பயன்படும் இன்னொரு பொருள் லித்தியம் டைசிலிகேட், ஒரு கண்ணாடிப் பீங்கான். அதில் தடிமன்தான் உயிர். கடிபரப்பில் சாதா சிமெண்டுக்கு 1.5 மி.மீ., ரெசின் சிமெண்டால் ஒட்டினால் 1 மி.மீ. தாங்கும் சுமை தடிமனின் வர்க்கத்தோடு போகும் என்பதால், 1.5க்குப் பதில் 1 என்றால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பல்லைக் குறைவாகச் சீவிவிட்டு, பிறகு நாற்காலியில் கேப்பைச் சீவி ஈடுகட்டுவது கேப்புக்கு நாம் வைக்கும் வினை. சிமெண்ட் போடும் முன் கேலிப்பரை (தடிமன் அளக்கும் கருவி) எடுத்து, கேப்பின் கடிபரப்பில் உள்ள குழியின் அடியில் அளந்து பாருங்கள், 0.8 காட்டினால் திருப்பி அனுப்புங்கள்.

ஒட்டுவதிலும் டைசிலிகேட்டையும் ஜிர்கோனியாவையும் குழப்பக்கூடாது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் டைசிலிகேட்டுக்கு, அதுவும் 5 சதவீதத்தில் 20 விநாடி, பிறகு கண்ணாடியையும் ரெசினையும் பிணைக்கும் சிலேன். ஜிர்கோனியாவில் அரிக்கக் கண்ணாடியே இல்லை, அதற்கு 50 மைக்ரான் அலுமினாவைக் குறைந்த அழுத்தத்தில் அடித்து ஜிர்கோனியாவைப் பிடித்துக்கொள்ளும் எம்டிபி பிரைமர் போடவேண்டும். வாயில் வைத்துப் பார்த்த ஜிர்கோனியா கேப்பை ஃபாஸ்பாரிக் அமிலத்தால் கழுவினால் பிரைமர் பிடிக்க வேண்டிய இடத்தை ஃபாஸ்பேட் முந்திப் பிடித்துக்கொள்ளும். அதனால் எச்சில் பட்டால், மறுபடி லேசாக அலுமினா அடித்துவிட்டுத்தான் பிரைமர்.