ஸ்கேன் எடுத்த நாளில்தான் சிக்கல்

எனக்கு வயது 36, ஊர் தக்கலைப் பக்கம். நான்கு மாதமாக மாதவிலக்கு பத்து நாள் வரை நீண்டது. எட்டு நாளைத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம், அப்போது தெரியாது. இரண்டாம் நாள் மணிக்கு ஒரு நாப்கின், கட்டி கட்டியாகப் போகும். நின்று ஒரு வாரத்தில் மறுபடியும் லேசாகக் கறை.

மைனி சொல்லி வாழைப்பூத் துவரன் வாரம் மூன்று தடவை. ருசியாக இருந்தது, அவ்வளவுதான். அப்புறம் ஒரு கிளினிக்கில் ரத்தம் நிற்க மாத்திரை. சாப்பிடும் வரை குறையும், அடுத்த மாதம் பழைய கதை. தைராய்டு சரி, ஸ்கேனும் நார்மல். ஹீமோகுளோபின் மட்டும் குறைவு, 8.4. இரும்புச்சத்து மாத்திரையை நான் சாயாவோடு விழுங்கிக்கொண்டிருந்தது தனிக் கூத்து. சாயா இரும்பை உடம்பில் சரியாகச் சேர விடாது.

நாகர்கோவிலில் பார்த்த டாக்டரம்மா ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படிக்கும் முன் தேதியைப் பார்த்தார். "இது விலக்காகி எத்தனையாவது நாள்?" காலண்டரில் எண்ணினேன்: 23. அந்தச் சமயம் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்திருக்கும், பாலிப் என்கிற சின்ன சதை வளர்ச்சி அதற்குள் ஒளிந்துகொள்ளும். சவ்வு மெலிந்திருக்கும்போது, அதாவது ரத்தம் நின்ற கையோடு, பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் உள்வழி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நின்ற மறுநாளே போனேன். 1.4 செ.மீ. பாலிப், பளிச்சென்று.

கர்ப்பப்பைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் ஹிஸ்டிரோஸ்கோபியில் வயிற்றில் கீறலே இல்லாமல் எடுத்தார்கள், மாலையில் வீடு. எடுத்த சதையைச் சோதித்த பயாப்சியிலும் பயப்பட ஒன்றுமில்லை, அன்றுதான் தூங்கினேன். மூன்று மாதமாக ஐந்து நாளில் நிற்கிறது. இரும்புச்சத்து மாத்திரை இப்போது எலுமிச்சைச் சாற்றோடு, சாயா இரண்டு மணி நேரம் கழித்து.