அம்புக்கேற்ற விளார் எந்தப் புதரில் கிடைக்கும்?

1991இல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுத்த ஓட்சி என்னும் ஆதிமனிதனின் அம்பறாத்தூணியில் 14 அம்புத்தண்டுகள் இருந்தன. எல்லாமே வைபர்னம் லான்டானா என்னும் புதரின் விளார்கள், அதாவது நீண்ட இளங்கொம்புகள். 5,000 வருடங்களுக்கு முன்பே அவர் தேர்ந்தெடுத்த அதே புதர் இன்றும் ஐரோப்பாவின் வேலியோரங்களில் வளர்கிறது. முதல் அம்பு செய்ய நினைப்பவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் கோடையில் போய் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு மண் உள்ள இடமாகப் பாருங்கள். இலைகள் எதிரெதிராக, சுருக்கம் விழுந்து இருக்கும். இலையின் அடிப்பக்கத்தை விரலால் தடவினால் கம்பளிபோல் மெத்தென்றிருக்கும். கொத்துக் காய்கள் சிவந்து, பிறகு கறுக்கும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்தாலும் மொட்டு காட்டிக்கொடுத்துவிடும். மற்ற மொட்டுகளுக்கு இருக்கும் செதில் மூடி இதற்குக் கிடையாது. சாம்பல் நிற மென்மயிரோடு, இரண்டு குட்டி இலைகள் கைகூப்பி நிற்பதுபோல் இருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

அது கிடைக்காவிட்டால் டாக்வுட் என்னும் புதரைத் தேடுங்கள். இலையை மெதுவாகக் கிழித்துப் பாருங்கள்: நரம்பிலிருந்து மெல்லிய வெள்ளை இழைகள் நீண்டு, கீழ்ப்பாதி அந்தரத்தில் தொங்கும். ஓட்சியின் அம்பு ஒன்றில் முன்துண்டு இந்த இனத்து மரம்தான். ஹேசல் என்னும் புதரும் ஆகும், அதன் இலைகள் எதிரெதிராக இல்லாமல் மாறிமாறி வரும்.

இலையுதிர்ந்த பிறகு, நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள். முன்பு வெட்டிவிட்ட புதரின் அடியிலிருந்து கிளம்பும் விளார்கள்தான் நேராக இருக்கும். ஒரு மீட்டர் நீளம், அடிப்பக்கம் சுண்டுவிரல் பருமன், பக்கக்கிளை இல்லாதது. கண்ணருகே பிடித்து நீளவாக்கில் பாருங்கள். லேசான வளைவைப் பிறகு அனலில் காட்டி நிமிர்த்திவிடலாம். கணுவில் சட்டென்று ஒடிந்து திரும்பியிருந்தால் விட்டுவிடுங்கள், அது நிமிராது.

பட்டையை உரிக்காமல், முனைகளில் மெழுகு தடவி, பத்துப் பன்னிரண்டை இறுக்கக் கட்டி நிழலில் சில மாதம் காயவிடுங்கள். வெயிலில் போட்டு அவசரப்படுத்தினால் வெடிப்பு விழும். அப்புறம் பருத்த பக்கத்தில் அம்புமுனை, மெலிந்த பக்கத்தில் நாண் பொருந்தும் வெட்டு.

ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்னும் தண்டை மெல்ல வளைத்துக் காதருகே கேளுங்கள். 'டிக்' என்று சிறு சத்தம் வந்தாலும் அந்த அம்பை உடைத்துப் போட்டுவிடுங்கள். வெடித்த தண்டு நாணிலிருந்து கிளம்பும்போது வில் பிடித்த கையில்தான் குத்தும்.