பூச்சியம் வரும் இடங்களில் கணக்கு தவறாமல் இருக்க

4236-ஐ 4 ஆல் வகுக்கச் சொன்னால் 159 என்று எழுதும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். நாலாம் வாய்ப்பாடு அவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். பிழை வேறு இடத்தில் இருக்கிறது.

4-ல் 4 ஒரு தடவை, ஈவில் 1. அடுத்து 2-ஐ இறக்குகிறோம். 2-ல் 4 போகாது. அப்போதே ஈவில் 0 போட்டாக வேண்டும். அதைப் போடாமல் 3-ஐயும் இறக்கி, 23-ல் 4 ஐந்து தடவை என்று தாவிவிடுவதால்தான் 1059 என்ற விடை 159 ஆகிறது. ஈவில் முதல் இலக்கம் விழுந்த பிறகு, கீழே ஓர் இலக்கம் இறங்கினால் மேலே ஓர் இலக்கம் ஏற வேண்டும். போகாவிட்டால் ஏறுவது 0. கடைசி இலக்கத்துக்கும் இதே விதிதான். 7350-ஐ 7 ஆல் வகுக்கும்போது, 35 தீர்ந்து மீதி இல்லையே என்று 105-ல் நிறுத்துவார்கள். கடைசி 0-ஐ இறக்கினால்தான் 1050 வரும்.

விடை சரியா என்று பார்க்க ஈவை வகுஎண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டுங்கள். 159 × 4 = 636. நாலாயிரம் எங்கே போனது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். இந்தப் பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தை விடாதீர்கள். கீழே பூச்சியத்தால் வகுப்பதற்கும் இதுதான் கைகொடுக்கும்.

பழைய தமிழ் எண்முறையில் இந்தத் தொல்லை கிடையாது. 205-ஐ ௨௱௫ என்று எழுதினார்கள். நூறுக்குத் தனிக் குறி இருந்ததால், பத்தின் இடம் காலி என்று காட்ட இன்னொரு குறி தேவைப்படவில்லை. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில்கூட மற்ற தமிழ் எண்கள் முன்பே வந்துவிட, தமிழ்ப் பூச்சியம் 2005-ல்தான் சேர்ந்தது.

கழித்தலில் சிக்கல் கடன் வாங்கும்போது வரும். 5003 − 1687 என்ற கணக்கில், 3-லிருந்து 7 போகாது. பக்கத்தில் இரண்டு பூச்சியங்கள். ஒவ்வொன்றாகக் கடன் கேட்டுப் போய், நடுவில் எது 10, எது 9 என்று குழம்பவேண்டாம். 3-க்கு இடப்பக்கம் இருக்கும் 500-ஐ ஒரே எண்ணாகப் பார்த்து அதிலிருந்து 1 எடுங்கள்; 499 ஆகும், 3 என்பது 13 ஆகும். இப்போது 13−7, 9−8, 9−6, 4−1. விடை 3316. முழு ஆயிரமாக இருந்தால் இன்னும் சுலபம்: 5000 − 1687 என்பதற்குப் பதிலாக 4999 − 1686 போடுங்கள். இரண்டிலும் 1 குறைந்ததால் வித்தியாசம் மாறாது, கடனே வேண்டாம், 3313.

பெருக்கலில் 307 × 408 மாதிரிக் கணக்குகளைக் கவனியுங்கள். 307 × 8 = 2456. அடுத்த வரி 307 × 4 = 1228; அது நூறின் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஓரிடம் மட்டும் தள்ளி எழுதினால் 14736 வரும். 300 × 400 = 1,20,000 என்று முதலிலேயே மனதில் மதிப்பிட்டிருந்தால் அது தவறென்று உடனே பிடிபடும். சரியான விடை 1,25,256.

இனி பூச்சியத்தால் வகுத்தல். 0 ÷ 12 என்றால் 0; 0 × 12 = 0 என்று சரிபார்க்கலாம். 12 ÷ 0 என்றால்? எந்த எண்ணை 0 ஆல் பெருக்கினால் 12 வரும்? எதுவும் வராது. அதனால் விடை இல்லை. 0 ÷ 0-வின் கதை நேர் எதிர். எந்த எண்ணைப் போட்டாலும் பெருக்கல் சரியாக வரும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. கி.பி. 628-ல் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 0 ÷ 0 = 0 என்றே எழுதினார். பூச்சியத்துக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல் விதிகளை அவ்வளவு தெளிவாக வகுத்தவருக்கே வகுத்தல் மட்டும் பிடிகொடுக்கவில்லை.

“அப்படியானால் 12 ÷ 0 முடிவிலிதானே” என்று மாணவர் கேட்பார். 12-ஆம் நூற்றாண்டில் இன்னொரு இந்தியக் கணித அறிஞரான இரண்டாம் பாஸ்கரரும் அது முடிவில்லாத அளவு என்றார். அப்படி நினைக்கக் காரணம் இருக்கிறது: 12 ÷ 0.1 = 120, 12 ÷ 0.01 = 1200, 12 ÷ 0.001 = 12000. ஆனால் மறுபக்கத்திலிருந்தும் பூச்சியத்தை நெருங்கிப் பாருங்கள்: 12 ÷ (−0.1) = −120, அடுத்து −1200. ஒரு பக்கம் மேலே ஏறுகிறது, மறுபக்கம் கீழே இறங்குகிறது. முடிவிலிக்கு ∞ என்ற குறியை 1655-ல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜான் வாலிஸ் கொண்டுவந்தார். பள்ளிக் கணக்கில் அதை ஓர் எண்ணாக வைத்துக் கூட்டவோ கழிக்கவோ கூடாது. 1005 − 1000 = 5; 2000 − 1000 = 1000. இரண்டு ஜோடிகளிலும் எண்களை வளர்த்துக்கொண்டே போங்கள்: ஒன்று எப்போதும் 5 வித்தியாசத்தில், மற்றது எப்போதும் இரண்டு மடங்காக. முதலாவதில் வித்தியாசம் 5-லேயே நிற்கும், இரண்டாவதில் அதுவும் வளரும். ∞ − ∞ என்று எழுதினால் எதைச் சொல்கிறீர்கள்?

இயற்கணிதத்தில் பூச்சியம் வேஷம் போட்டு வரும். க² = 5க என்ற சமன்பாட்டில் இருபக்கமும் க-வால் வகுத்து க = 5 என்று முடித்தால், க = 0 என்ற தீர்வு காணாமல் போகும். க(க − 5) = 0 என்று காரணிப்படுத்துங்கள். 2 = 1 என்று ‘நிரூபிக்கும்’ வித்தைகளும் பெரும்பாலும் இதே ரகம். எந்த வரியில் சந்தேகமோ அதில் உண்மையான எண்ணைப் போடுங்கள். 6 × 0 = 3 × 0 என்ற மாதிரி ஒரு வரி வரும்; அதற்கடுத்த வரியில்தான் பூச்சியத்தை வெட்டியிருப்பார்கள்.

கணினியில் ஒவ்வொன்றும் ஒருவிதம். 12-ஐ 0 ஆல் வகுத்தால் பைத்தான் என்ற நிரல்மொழி பிழை காட்டி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி முடிவிலி என்று விடை தந்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும், பிழை எங்கோ பின்னால் வெடிக்கும். வகுப்பதற்கு முன்பே வகுஎண் பூச்சியமா என்று சோதிப்பதுதான் பாதுகாப்பு.

எக்செல்லில் சராசரி எடுக்கும்போது காலிக் கட்டமும் 0 போட்ட கட்டமும் ஒன்றல்ல. 60, 0, 90 என்றால் சராசரி 50. தேர்வுக்கு வராதவரின் கட்டத்தைக் காலியாக விட்டால் 75. எது வேண்டுமென்று மதிப்பெண் ஏற்றும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். போன வருடம் விற்பனை 0, இந்த வருடம் 40 என்றால் ‘வளர்ச்சி எத்தனை சதவீதம்’ என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 40 கூடியது என்று எழுதுங்கள். அங்கே 100% என்றோ 4000% என்றோ போடுவது பொய்க் கணக்கு.